திராட்சைத் தோட்டத்து விடுதி: சென்னையிலிருந்து கிளம்பும் ஜோடிக்கு எது சரிப்படும்?

பத்தாவது கல்யாண நாள், ஐம்பதாவது பிறந்தநாள், பிள்ளையை ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்த பிறகு வரும் முதல் நீண்ட விடுமுறை. இப்படி ஏதாவது ஒரு சாக்கு கிடைத்தால் சென்னைத் தம்பதிகள் முன்பெல்லாம் ஊட்டியா கொடைக்கானலா என்று யோசிப்பார்கள். இப்போது வேறு மாதிரி கேட்கிறார்கள். "திராட்சைத் தோட்டத்துக்கு நடுவுல சின்னதா ஒரு விடுதி. பத்து ரூமுக்கு மேல இருக்கக் கூடாது. சாயங்காலம் திண்ணையில உட்கார்ந்து ஒரு கிளாஸ் ஒயின். அப்படி எங்க இருக்கு?"

சென்னையிலிருந்து பார்த்தால் நாசிக் இருக்கிறது, பெங்களூருக்கு வடக்கே நந்தி மலை அடிவாரம் இருக்கிறது, நம்ம தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கு இருக்கிறது. கலிஃபோர்னியாவில் அண்ணனோ மகளோ இருந்தால் நாபாவும் சொனோமாவும் உண்டு. இந்தப் பட்டியலில் ஒரு திராட்சைக் கொடிகூட இல்லாத புதுச்சேரியையும் நான் சேர்ப்பேன். ஏன் என்பதை அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இந்த மாதிரிப் பயணம் நன்றாக அமைவதும் சொதப்புவதும் ஒயினால் இல்லை. விடுதியில் எத்தனை அறை, போவது எந்த மாதம், எந்தக் கிழமை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒயின் சுமாராக இருந்தாலும் அமைதியான வீடு அமைந்துவிட்டால் சந்தோஷமாகத் திரும்பி வரலாம். பக்கத்துப் புல்வெளியில் யார் கல்யாணத்துக்கோ சங்கீத் ஆட்டம்பாட்டம் நடந்துகொண்டிருந்தால் எந்த ஒயினும் இறங்காது.

நாசிக்

இந்தியாவில் ஒயின் ஊர் என்றால் முதலில் வாயில் வருவது நாசிக்தான். அமெரிக்காவில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ராஜீவ் சாமந்த் தன் குடும்ப நிலத்தில் தொடங்கிய சுலா என்ற ஒயின் நிறுவனத்தின் முதல் ஒயின் 2000-ல் சந்தைக்கு வந்தது. 2005-ல் தோட்டத்திலேயே ருசி பார்க்கும் கூடம் திறந்தார்கள். அதன் பிறகு கங்காபூர் அணையைச் சுற்றியுள்ள பகுதி முழுக்க ஒயினரிகளும் (ஒயின் தயாரிக்கும் இடங்கள்) தங்கும் இடங்களும் வந்துவிட்டன. சுலாவுக்கே இரண்டு விடுதிகள்: தோட்டத்துக்குள்ளேயே இருப்பது 'தி சோர்ஸ்', கொஞ்சம் தள்ளி அணை நீரைப் பார்த்தபடி இருப்பது 'பியாண்ட்'. யார்க், சோமா என்று அக்கம்பக்கத்துப் பெயர்களும் உண்டு. ஓர் ஆட்டோவில் ஏறினால் ஒரே மதியத்தில் இரண்டு மூன்று ஒயினரிகளைப் பார்த்துவிடலாம். இந்த வசதி இந்தியாவில் வேறு எங்கும் இந்த அளவுக்குக் கிடையாது.

ஆனால் நாசிக் மும்பைக்காரர்களின் மகாபலிபுரம். வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்பி சனிக்கிழமை வந்து குவிந்துவிடுவார்கள். ஞாயிறு மதியம் ருசி பார்க்கும் கூடத்தில் நிற்க இடம் இருக்காது. செல்ஃபி எடுக்கிறவர்களின் கை உங்கள் கிளாஸைத் தட்டிவிடும். அதே இடத்துக்குச் செவ்வாய்க்கிழமை போய்ப் பாருங்கள். ஊற்றிக் கொடுக்கிறவர் உங்களோடு நின்று பேசுவார், கேட்டால் இன்னொரு சொட்டு கூடுதலாகவும் ஊற்றுவார்.

மாதம் அடுத்தது. ஐரோப்பாவில் கோடை முடிந்து செப்டம்பர் வாக்கில் அறுவடை. நம் ஊரில் அந்த நேரம் மழைக்காலம் என்பதால் பழம் அழுகிவிடும். அதனால் நாசிக் விவசாயிகள் கொடியை ஆண்டுக்கு இரண்டு முறை கவாத்து செய்கிறார்கள். கோடையில் ஒரு முறை, மழை ஓய்கிற செப்டம்பர், அக்டோபரில் இன்னொரு முறை. இரண்டாவது வெட்டுக்குப் பிறகு வரும் பூதான் காயாகி, குளிர்காலத்து வறண்ட காற்றில் பழுக்கிறது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை அறுவடை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். ஜனவரி ராத்திரி 10 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கும். மார்கழிக்கே மங்கி குல்லா போடுகிற நாம் நல்ல ஸ்வெட்டராக எடுத்துப்போவது உத்தமம். ஏப்ரல், மே மாதத்தில் போனால் மொட்டைக் கொடியும் வெயிலும்தான். ஜூலை, ஆகஸ்டில் மலையெல்லாம் பச்சையாக, அருவியாக அழகாக இருக்கும், ஆனால் பழம் இருக்காது.

இதில் சென்னைக்காரர்களுக்கு ஒரு தனி லாபம் உண்டு. பொங்கல் விடுமுறை நமக்கு மூன்று நான்கு நாள் நீளும். மகாராஷ்டிராவில் சங்கராந்தியோடு விஷயம் முடிந்துவிடும். மாட்டுப் பொங்கலும் காணும் பொங்கலும் அங்கே சாதாரண வேலை நாட்கள். அறுவடையும் தொடங்கியிருக்கும், கூட்டமும் இருக்காது. ஊர்ப்பக்கம் போகிற பஸ்ஸிலும் ரயிலிலும் அடிதடி நடக்கும்போது நீங்கள் எதிர்த்திசையில் மும்பைக்குப் பறந்துவிடலாம். இதற்கு நேர்மாறாக, குடியரசு தின நீண்ட வார இறுதியைத் தேர்ந்தெடுக்கவே கூடாது. ஜனவரி 26 டிரை டே. மகாராஷ்டிராவில் ஜனவரி 30-ம் அப்படித்தான். அறுவடைக் காலத்தின் நட்ட நடுவில், ஒயினரி வாசலில் போய் நின்று ஒரு கிளாஸ்கூட வாங்க முடியாத நாட்கள் இவை. திருவள்ளுவர் தினத்தன்று டாஸ்மாக் மூடியிருக்கும் பழக்கத்தில் நாசிக்கிலும் அப்படியோ என்று பயப்பட வேண்டாம், அது நம் மாநிலத்துக்கு மட்டும்.

பிறகு, எந்த மாதிரி விடுதி? பெரிய ஒயினரி ரிசார்ட்டில் நீச்சல் குளம், ஸ்பா, இரண்டு மூன்று சாப்பாட்டுக் கூடம் எல்லாம் இருக்கும். சேவையில் குறை சொல்ல முடியாது. ஆனால் 'சின்னதா, எங்களுக்கே எங்களுக்குன்னு' என்று கேட்டவர்களுக்கு அது ஒத்துவராது. கல்யாண மண்டபம் வைத்திருக்கும் இடங்களில் இன்னொரு ஆபத்து. நாங்கள் ஒரு முறை தங்கிய தோட்ட ரிசார்ட்டில் (பெயர் வேண்டாம்) நடுராத்திரி வரை டோல் மேளம் அடித்தார்கள். வரவேற்பில் போய்க் கேட்டால், "சார், நீங்களும் போய் ஆடலாமே" என்கிறார் அந்தப் பையன். அவன் மேல் கோபப்படவும் முடியவில்லை, அவ்வளவு அன்பாகச் சொன்னான்.

அதனால் என் கண் நாசிக் நகரத்தை விட இகத்புரி பக்கம்தான் போகிறது. மும்பையிலிருந்து கசாரா மலைப்பாதை ஏறியதும் முதலில் வருவது இகத்புரி. நாசிக்குக்கு அங்கிருந்து இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும். அந்தப் பயணமும் மிச்சம். அந்தப் பக்கத்தில் முகணே அணைக்கு அருகே இருக்கும் வல்லோனே போன்ற ஒயினரிகளில் விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய அறைகள்தான். கீழே ஒயின் செய்கிறார்கள், நீங்கள் தங்குவதும் அதே வளாகத்தில். ஜன்னலைத் திறந்தால் கொடி வரிசை, அதற்கப்பால் நீர், அதற்கப்பால் மலை. ஒயின் திராட்சையைக் கம்பியில் செங்குத்தாகப் படரவிட்டு, நீள நீளமான வேலி மாதிரி வளர்ப்பார்கள். இரண்டு வரிசைக்கு நடுவே கைகோத்து நடக்கலாம். பழத்தைப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும், சுண்டைக்காயை விடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். தோல் தடிப்பு, உள்ளே விதை. ஒன்றைக் கடித்துப் பார்த்தால் அசாத்தியத் தித்திப்பு, அப்புறம் நாக்கு முழுக்கத் துவர்ப்பு. அந்தத் தோலில்தான் சிவப்பு ஒயினின் நிறமும் பிடிப்பும் இருக்கிறது என்று அங்கே வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள். கையில் பழம் இருக்கும்போது கேட்டால் உடனே புரிகிறது.

இகத்புரியில் குறை இல்லாமல் இல்லை. ராத்திரி எட்டு மணிக்கு மேல் வெளியே போய்ச் சாப்பிட இடம் தேட முடியாது, விடுதியில் என்ன கொடுக்கிறார்களோ அதுதான். தயிர் சாதம் இல்லாமல் தூக்கம் வராத ஆளாக இருந்தால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இன்னும் இரண்டு ஒயினரி பார்க்க வேண்டும் என்றால் வண்டி ஏற்பாடு செய்ய வேண்டும். நாசிக் மிசல் (முளைகட்டிய பயறுக் குழம்பு) சாப்பிட ஆசைப்பட்டால் ஒரு நாள் காலையை அதற்கே ஒதுக்குங்கள். காலை ஒன்பது மணிக்கே நெற்றியில் வியர்வை துளிர்க்க வைக்கும் காரம் அது. அன்று மதியம் ஒயின் எதுவும் நாக்கில் ஒட்டாது.

நாசிக்குக்கு இன்னொரு சிக்கல் உண்டு, அது நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. "ஏங்க, நாசிக்னா திரியம்பகேஸ்வரர் இருக்கிற ஊர்தானே? அங்கேர்ந்து ஷீரடி பக்கம்தானே? அத்தையையும் கூட்டிட்டுப் போயிடலாமே, பாவம் ரொம்ப நாளா கேட்டுட்டிருக்காங்க." இந்த வாக்கியம் வீட்டில் ஒலித்துவிட்டால் ரொமான்டிக் விடுதி அத்தோடு போயிற்று. ஷீரடியிலிருந்து நாசிக் சுமார் 90 கிலோமீட்டர். சென்னை சென்ட்ரலிலிருந்து ஷீரடிக்கு வாராந்திர ரயிலும் ஓடுகிறது. பஞ்சவடி, கோதாவரி ஸ்நானம், திரியம்பகம், ஷீரடி என்று அது அருமையான யாத்திரை, சந்தேகமில்லை. ஆனால் அது வேறு பயணம். ஒன்றோடு ஒன்றைக் கலந்தால் இரண்டும் கெடும். அத்தையைத் தனியாக ஒரு முறை கூட்டிப் போங்கள். கோதாவரிக் கரையில் 12 ஆண்டுக்கு ஒரு முறை வரும் கும்பமேளா 2027-ல் வருகிறது. அந்தச் சமயத்தில் நாசிக் பக்கமே ஒயின் நினைப்போடு போகாமலிருப்பது உசிதம்.

நந்தி மலை அடிவாரம்

கன்வல் குரோவர் என்ற தொழிலதிபர் பிரான்ஸிலிருந்து கொடிகளைக் கொண்டுவந்து தொட்டபள்ளாப்பூர் பக்கம் தோட்டம் போட்டது 1980-களில். இன்று அது குரோவர் ஜம்பா. தோட்டம் சுற்றிக் காட்டி, தொட்டி, பீப்பாய் எல்லாம் விளக்கி, கடைசியில் வரிசையாகச் சில கிளாஸ்கள் ஊற்றிக் கொடுக்கும் ஏற்பாடு உண்டு. ஒழுங்கான, நல்ல சுற்று.

சென்னைக்காரர்களுக்கு இதைவிடப் பக்கத்தில் ஒயின் தோட்டம் என்று சொல்லத்தக்கது இல்லை. விமானத்தில் போனால் கெம்பேகௌடா விமான நிலையமே அந்தத் திசையில்தான் இருக்கிறது; பெங்களூரின் போக்குவரத்து நெரிசலைக் கண்ணால்கூடப் பார்க்காமல் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரலாம். சொந்தக் காரில் போனால் கோலாருக்குப் பிறகு சிந்தாமணி, சிக்கபள்ளாப்பூர் என்று திரும்பிவிட்டால் ஊருக்குள் நுழைய வேண்டியதில்லை. ரயில்தான் சரிவராது. வந்தே பாரத்தில் நாலரை மணி நேரத்தில் பெங்களூர் போய்விட்டு, அங்கிருந்து ஊரைக் குறுக்கே கடக்க அதில் பாதி நேரம் ஆகும்.

ஆனால் இது தங்குகிற ஊரா என்றால், என் வரையில் இல்லை. ஒயினரிச் சுற்று ஓர் அரை நாள் வேலை. சுற்றிலும் இருக்கும் ஹோம்ஸ்டேகளும் ரிசார்ட்டுகளும் பெங்களூர் ஐடி கூட்டத்தின் டீம் அவுட்டிங்குக்காகக் கட்டியது போலவே இருக்கும். ஜன்னலுக்கு வெளியே தெரியும் திராட்சையும் பெரும்பாலும் சாப்பிடுகிற பெங்களூர் ப்ளூ ரகம். சனி, ஞாயிறு விடிகாலையில் சூர்யோதயம் பார்க்க பைக்குகள் வரிசை கட்டி மலை ஏறும். உறங்குகிற ஜோடிக்கு அது நல்ல சங்கீதம் அல்ல.

அங்கே எனக்குப் பிடித்தது ஒயினுக்குச் சம்பந்தமில்லாத விஷயம்: அடிவாரத்து போகநந்தீஸ்வரர் கோயில். நுளம்பர் காலத்தில் தொடங்கி சோழர், ஹொய்சளர், விஜயநகரம் என்று ஆளாளுக்கு ஒரு கை வைத்த கோயில். கருங்கல் கல்யாண மண்டபத்துத் தூண்களில் கிளி கொத்துகிற கொடி வேலைப்பாட்டைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் உட்காரலாம். பெங்களூரில் ஏதாவது கல்யாணம் இருந்து, அதோடு ஓர் இரவைச் சேர்த்துக்கொள்கிறீர்கள் என்றால் நந்தி சரி. இதற்கென்றே கிளம்பிப் போகிற அளவுக்கு இல்லை.

கம்பம்: ஒயின் இல்லாத திராட்சை

ஜோடியில் ஒருவர் மட்டும் குடிப்பவர், இன்னொருவருக்கு வாசனையே ஆகாது. நம் ஊரில் பாதி ஜோடி இப்படித்தான், இதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. ஒருவர் ஐந்தாறு கிளாஸை வரிசையாக முகர்ந்து, சுழற்றி, தலையாட்டிக்கொண்டிருக்க, மற்றவர் எதிரே உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருப்பது கல்யாண நாளுக்கு ஏற்ற காட்சியா? இருவருக்கும் பிடித்தது தோட்டமும் பழமும் மலைக்காற்றும்தான் என்றால் நாசிக் வரை போக வேண்டியதே இல்லை.

கம்பம் பள்ளத்தாக்குக்குத் திராட்சையைக் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார், 1832-ல் என்பது அந்தப் பகுதி வரலாறு. பன்னீர் திராட்சை என்று நாம் தெருவில் வாங்குகிறோமே, அது மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம். 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கூடலூர், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ஆனைமலையன்பட்டி என்று பள்ளத்தாக்கு முழுக்கத் தோட்டங்கள். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் வளர்த்தெடுத்த பூமி.

இங்கே கொடி வேலி மாதிரி நிற்காது. கல்தூண் நட்டு, மேலே கம்பி வலை பின்னி, அதன்மேல் கொடியைப் பந்தலாகப் படரவிட்டிருப்பார்கள். பந்தலுக்கு அடியில் நுழைவது தனி அனுபவம். "தலையக் குனிஞ்சு வாங்கம்மா, கம்பி இடிக்கும்" என்று தோட்டக்காரர் முன்னால் போவார். உள்ளே போனதும் வெயில் பச்சையாக மாறிவிடும். கருநீலக் கொத்துகள் காதை உரசிக்கொண்டு தொங்கும், ஒவ்வொரு பழத்தின் மேலும் விரல் பட்டால் அழிகிற வெள்ளைப் பூச்சு. ரோஜாப்பூ மணம் என்று சொன்னால் மிகையாகத் தெரியலாம், ஆனால் பன்னீர் என்ற பெயருக்கு அது உண்மையாகத்தான் இருக்கிறது. கேட்காமல் பறித்து வாயில் போட்டுவிடாதீர்கள், மருந்து அடித்திருப்பார்கள். அவரிடம் கேட்டால் அவரே பார்த்துப் பறித்து, கழுவிக் கொடுப்பார்.

மற்ற பல ஊர்களில் ஆண்டுக்கு ஒரு பருவம்தான் திராட்சை. கம்பத்தின் விசேஷம், கவாத்தைத் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றி மாற்றிச் செய்வதால் ஆண்டு முழுக்க எங்காவது பழம் இருக்கும். ஒரு தோட்டம் மொட்டையாக நிற்கும்போது சாலைக்கு அந்தப் பக்கம் அறுவடை நடக்கும். அதனால் மாதத்தைப் பழத்துக்காக இல்லாமல் வானிலைக்காகத் தேர்ந்தெடுக்கலாம். ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை மலைக்கு அந்தப்புறம் கேரளத்தில் மழை கொட்டும்போது இங்கே சாரல் மட்டும் விழும். நாசிக்கில் பழமே இல்லாத மாதங்கள் இவை என்பதையும் கவனியுங்கள். நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரை மட்டும் வேண்டாம்; குமுளி வழியாகச் சபரிமலை போகும் வண்டிகளால் அந்தச் சாலையே சரண கோஷம்தான்.

பிரச்சினை விடுதி. சின்ன, அழகான, இருவருக்கான தங்குமிடம் கம்பத்தில் குறைவு. பண்ணை வீடுகள் சில இருக்கின்றன. நகரத்து லாட்ஜுகளோ வியாபாரிகளுக்கும் கல்யாண கோஷ்டிக்கும் ஆனவை. பலர் செய்வது, கூடலூர் தாண்டி லோயர் கேம்ப் வழியாக மலையேறி, குமுளி–தேக்கடியில் ஏலக்காய்த் தோட்டத்து நடுவே தங்கிக்கொண்டு, காலையில் பள்ளத்தாக்குக்கு இறங்கி வருவது. அரை மணி, முக்கால் மணி நேரப் பயணம். நானும் அதைத்தான் சொல்வேன். சென்ட்ரலிலிருந்து போடிநாயக்கனூர் வரை 2023 முதல் ரயில் போகிறது. தேனியில் இறங்கினால் கம்பம் சுமார் 40 கிலோமீட்டர். சாயங்காலத்துக்கு ஒயின் கிளாஸ் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு, நாசிக்கில் இருப்பது போன்ற ருசிக் கூடங்களை இங்கே எதிர்பார்க்காதீர்கள் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

புதுச்சேரியை ஏன் சேர்த்தேன்

ஒயின் ஊர் விடுதி என்ற கனவில் இருந்து தோட்டத்தை மட்டும் கழித்துப் பாருங்கள். மீதி என்ன? பழைய வீடு, ஏழெட்டு அறை, முற்றம், தடித்த சுவர், உயரமான கதவு, காலையில் யாரோ சுட்டுக்கொண்டுவந்து வைக்கும் ரொட்டி, சாயங்காலம் நடந்தே போய் ஒரு கிளாஸ் ஒயினோடு சாப்பிட்டு நடந்தே திரும்புவது. இத்தனையும் ஈசிஆரில் 150 கிலோமீட்டரில் இருக்கிறது. பிரெஞ்சுத் தெருக்களில் பழைய வீடுகளைச் செப்பனிட்டு விடுதியாக்கியிருப்பது போல் நாசிக்கில் எங்கும் கிடையாது. அங்கே விடுதிக் கட்டடங்கள் பெரும்பாலும் புதிது. தமிழர் தெருக்களில் திண்ணையும் முற்றமும் வைத்த வீட்டு விடுதிகள் இன்னும் அமைதி, விலையும் சற்றுக் குறைவு. ஓர் இரவுதான் நேரம் என்றால் வேறு எதையும் யோசிக்கவே வேண்டாம். சனிக்கிழமை மட்டும் போகாதீர்கள். சென்னையும் பெங்களூரும் சேர்ந்து அங்கேதான் இருக்கும்.

நாபாவும் சொனோமாவும்

இதற்காக மட்டும் சென்னையிலிருந்து யாரும் விசா எடுக்கப்போவதில்லை. ஆனால் ஃப்ரீமாண்ட், சன்னிவேல் பக்கம் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் இங்கே வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். அங்கிருந்து நாபா ஒன்றரை, இரண்டு மணி நேரக் கார்ப் பயணம். இதில் இரண்டு விதமாகக் காரியம் நடக்கலாம். பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தாத்தா பாட்டி வந்திருக்கும் அந்த ஆறு மாதத்தில் இளசுகள் இருவரும் ஓர் இரவு தப்பித்துப் போகலாம். அல்லது பிள்ளைகள் பணம் கட்டி, "அப்பா, அம்மாவைக் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க" என்று பெரியவர்களை அனுப்பலாம். இரண்டாவது நடக்கும்போது பெரியவர்களுக்கு வருகிற வெட்கத்தைப் பார்க்கவே அனுப்பலாம்.

'பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட்' என்ற சின்ன விடுதி வகை அங்கே ஊறிப்போன ஒன்று. நூறு வருடம் தாண்டிய மர வீடு, அறைக்கு ஒரு கணப்பு, வீட்டுக்காரரே நின்று பரிமாறும் காலைச் சாப்பாடு, பல இடங்களில் சாயங்காலம் விருந்தினர் எல்லோருக்கும் ஒரு கிளாஸ் ஒயினும் சீஸும். காலை உணவு பெரும்பாலும் பொது மேசையில்தான். முன்பின் தெரியாத நாலு ஜோடிகளோடு உட்கார்ந்து வானிலை பேச வேண்டும். சங்கோஜம் உள்ளவர்கள் தனி மேசை இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளலாம். முட்டைகூட ஆகாது என்றால் அறை பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள், காலையில் சொன்னால் பழத் தட்டுதான் வரும். வார இறுதியில் குறைந்தது இரண்டு இரவு எடுத்தால்தான் அறை தருவோம் என்பது அங்கே பரவலான விதி. சிறு குழந்தைகளை அனுமதிக்காத இடங்களும் நிறைய.

நாபாவுக்குப் பெயர் வந்தது 1976-ல் பாரிஸில் நடந்த ருசிப் போட்டியில் அதன் ஒயின்கள் பிரெஞ்சு ஒயின்களை முந்தியதால். அன்றிலிருந்து விலையும் முந்திக்கொண்டே போகிறது. இப்போது ருசி பார்க்கவே தலைக்கு 50 டாலரைத் தாண்டுவது சகஜம். அதுவும் முன்பதிவு செய்துகொண்டு போக வேண்டும். மாலை ஐந்து மணிக்கெல்லாம் கதவைச் சாத்திவிடுவார்கள். மலைக்கு இந்தப் பக்கத்துச் சொனோமா கொஞ்சம் மெத்தனமான ஊர், அந்த மெத்தனம்தான் இந்தப் பயணத்துக்குத் தேவை. ஹீல்ட்ஸ்பர்க் போன்ற ஊரில் சதுக்கத்தைச் சுற்றியே ருசிக் கூடங்கள். காரைத் தொடாமல் நடக்கலாம். அங்கே அறுவடை ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை. அதே மாதங்கள்தான் காட்டுத்தீக் காலமும். 2017 அக்டோபரிலும் 2020 செப்டம்பரிலும் பெருந்தீ இந்தப் பகுதியைச் சுட்டெரித்தது, 2020-ல் பெயர் பெற்ற விடுதிகளே எரிந்துபோயின. அறையை ரத்து செய்தால் பணம் திரும்புமா என்பதைப் படித்துவிட்டுப் பதியுங்கள். பிப்ரவரியில் போனால் மொட்டைக் கொடிகளுக்கு நடுவே கடுகுப் பூ மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும், அறை வாடகையும் இறங்கியிருக்கும். எனக்கு அந்த மாதம்தான் பிடிக்கும்.

போன் போட்டுக் கேட்க வேண்டியவை

இணையத்தில் படங்களைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், ஒரு போன் போடுங்கள். மொத்தம் எத்தனை அறை என்று முதலில் கேளுங்கள். பத்துக்கு மேல் என்றால் அது ரிசார்ட். அடுத்து, அந்தத் தேதியில் கல்யாணமோ கம்பெனி கூட்டமோ இருக்கிறதா. இதை நேரடியாகக் கேட்டால் "இல்லை" என்பார்கள். "ஒரு அம்பது பேருக்கு ஃபங்ஷன் வைக்க லான் கிடைக்குமா?" என்று கேட்டுப் பாருங்கள், "சாரி சார், அன்னைக்கு புக் ஆயிடுச்சு" என்று உண்மை தானாக வெளியே வரும். 'தோட்டம் தெரியும் அறை' என்றால் அது யாருடைய தோட்டம், தரைத்தளமா மாடியா என்பதையும் கேட்கலாம். தரைத்தள ஜன்னலிலிருந்து முதல் வரிசைக் கொடியும், அதற்குப் பின்னால் ஒரு டிராக்டரும்தான் தெரியும்.

வண்டி ஓட்டுவது பற்றியும் ஒரு வார்த்தை. நம் நாட்டுச் சட்டத்தில் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால் தாண்டினால் குற்றம். கலிஃபோர்னியாவில் எல்லை 80 மில்லிகிராம். ஒரு ருசிச் சுற்று முடித்துவிட்டு நம் ஊர் எல்லைக்குள் நிற்பது கஷ்டம். ஒயினரி வளாகத்திலேயே தங்குவதற்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் அர்த்தம் இருப்பது இதனால்தான்.

நானாக இருந்தால்? கையில் மூன்று இரவு இருந்து, இருவரும் ஒரு கிளாஸாவது குடிப்பவர்கள் என்றால், காணும் பொங்கலை ஒட்டியோ பிப்ரவரி நடுவிலோ, திங்களிலிருந்து வியாழனுக்குள் இகத்புரி. நாசிக் நகரத்துப் பெரிய ஒயினரிகளை ஒரு மதியம் போய்ப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் சின்ன இடத்துக்குத் திரும்பிவிடுவேன். குடிக்காத ஜோடிக்கு ஜூலையில் குமுளியும் கம்பமும். ஓர் இரவு மட்டும் என்றால் புதுச்சேரி, புதன்கிழமை. நந்தியைப் பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

பிடித்த பாட்டிலை ஊருக்குக் கொண்டுவர ஆசை வரும். விமானத்தில் செக்-இன் பெட்டியில் துணி சுற்றி வைக்க வேண்டும், அதைவிட முக்கியமாக, வெளிமாநில மதுவைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவரச் சட்டத்தில் கட்டுப்பாடு இருக்கிறது. அங்கேயே குடித்து முடிக்கிற அளவுக்கு வாங்கிக்கொள்ளுங்கள்.